காசு முன்னே, பதில் எப்போது?

அம்மாவின் கைப்பேசிக்கு ஆறு நாளாக அழைப்பு போகவில்லை. முதல் இரண்டு நாள் டவர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டேன். மன்னார்குடியிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். மழை பெய்தாலே சிக்னல் போய்விடும். மூன்றாம் நாள், இந்த எண்ணுக்கு வரும் அழைப்பு வசதி தற்போது இல்லை என்று ஒரு குரல் சொன்னது. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன் செய்தேன். அத்தை கைப்பேசியை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா கேட்ட முதல் கேள்வி: “ஏண்டி, மூணு நாளா நீ போனே பண்ணலியே? வேலை இருக்கும், தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்.”

வேலிடிட்டி முடிந்து சில நாள் கழித்துக் கடைத்தெருவுக்குப் போய் அம்மா ரீசார்ஜ் செய்திருக்கிறார். கடைக்காரத் தம்பி பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணை அழுத்தியிருக்கிறார். அவருடைய திரையில் ‘சக்சஸ்’ என்று வந்துவிட்டது. அம்மாவின் பட்டன் போனில் எந்த மெசேஜும் வரவில்லை. வந்திருந்தாலும் ஆங்கிலத்தில் வருவதை அம்மா படிக்க மாட்டார். ஏற்கெனவே வெளியே பேச முடியாமல் இருந்தது. இரண்டு நாளில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுபோனது. அந்த வாரம்தான் சிலிண்டர் வந்திருக்கிறது. கைப்பேசிக்கு வந்த குறியீட்டு எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார் கொண்டுவந்தவர். எண் வரவே இல்லையே! சிலிண்டரைத் திருப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் அம்மா விறகு அடுப்பில் சமைத்திருக்கிறார். எழுபத்திரண்டு வயது.

நான் சென்னையில் இருந்தபடி 198-ஐ அழுத்தினேன். அது என்னுடைய சிம் நிறுவனத்துக்குத்தான் போகும், அம்மாவுடையதற்குப் போகாது என்பதே அப்போதுதான் உறைத்தது. அவர்களுடைய நீண்ட எண்ணைத் தேடிப் பிடித்து, மொழிக்கு ஒன்று, சேவைக்கு இரண்டு, பிறகு நான்கு என்று அழுத்தி, இசையைக் கேட்டுக் காத்திருந்து, கடைசியில் ஒரு பெண் வந்தார். பொறுமையாகத்தான் பேசினார்.

“மேம், சிம் யார் பேர்ல இருக்கு?”

“எங்க அப்பா பேர்ல.”

“அப்ப அவங்களைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க மேம். கஸ்டமர் பேசினாத்தான் கம்ப்ளெயின்ட் பதிய முடியும்.”

அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சில விநாடி வாயடைத்து நின்றேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் எழுதியிருந்ததைத்தான் கேட்டார். ஆனால் காசை வாங்கும்போது யார் பேரில் சிம் இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. கடையில் யார் வேண்டுமானாலும் யாருடைய எண்ணுக்கும் பணம் கட்டலாம். கட்டிய பணம் எங்கே என்று கேட்க மட்டும் உரியவரே வர வேண்டும்.

இது அம்மாவின் கதை மட்டுமல்ல. இந்தியாவில் இயங்கும் கைப்பேசி இணைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ப்ரீபெய்ட். மாதக் கடைசியில் பில் கட்டுகிறவர்கள் சிறுபான்மை. பெரும்பான்மையான நாம் எல்லோரும் சேவை கிடைப்பதற்கு முன்பே முழுக் காசையும் கொடுத்துவிடுகிறவர்கள். மளிகைக் கடையிலோ தையற்கடையிலோ முன்பணம் கொடுத்தவருக்குக் கூடுதல் மரியாதை உண்டு. அவர் வந்து நின்றால் கடைக்காரர் எழுந்து பதில் சொல்வார். கைப்பேசியில் மட்டும் அது தலைகீழாக இருக்கிறது. பில் கட்டுகிறவர் கோபித்துக்கொண்டால் பணத்தை நிறுத்தி வைக்கலாம். நம்மிடம் நிறுத்தி வைக்க எதுவும் இல்லை. பணம் ஏற்கெனவே அவர்கள் கையில். அதனால்தான் நமக்குப் பதில் சொல்ல யாருக்கும் அவசரமில்லை.

பத்து ரூபாய்க் காலம்

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு. அதன்பின் பல ஆண்டுகள், வருகிற அழைப்பை எடுத்தாலே காசு. 2003 மே மாதம் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்த பிறகுதான் ‘இன்கமிங் ஃப்ரீ’ ஆனது. கொத்தனாரும் பூக்காரம்மாவும் ஆட்டோ ஓட்டுநரும் கைப்பேசி வாங்கியது அதற்குப் பிறகு. சுரண்டும் கார்டும் பத்து ரூபாய் டாப்-அப்பும் அவர்களுக்காகவே வந்தவை. கையில் அன்றன்றைக்குக் காசு புழங்குகிறவர்களுக்கு ஏற்ற முறை அது. பத்து ரூபாய் போட்டால் 7 ரூபாய் 47 காசு டாக்டைம். மீதி, வரியும் நிறுவனத்தின் கட்டணமும். அது குறைவுதான். ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது. இவ்வளவு போட்டேன், இவ்வளவு பேசினேன், இவ்வளவு மிச்சம். பேலன்ஸ் தீர்ந்தாலும் மிஸ்டு கால் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம். மகனோ மகளோ திருப்பிக் கூப்பிடுவார்கள்.

2005 இறுதியிலும் 2006 தொடக்கத்திலும் ‘லைஃப் டைம் வேலிடிட்டி’ வந்தது. 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுக்க அழைப்பு வரும் என்றார்கள். பலர் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார்கள். எங்கள் அப்பாவும் கட்டினார். அந்த ‘ஆயுள்’ நம்முடைய ஆயுள் அல்ல, நிறுவனத்தின் உரிம ஆயுள் என்பது பின்னால் தெரிந்தது. அந்த உரிமம் இருந்தபோதே ஆயுள் முடிந்தும்போனது. 2018 இறுதியில் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாய் போடாவிட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், அப்புறம் இன்கமிங்கும் நிற்கும். பேலன்ஸ் இருக்கும்போதே எப்படித் துண்டிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த நவம்பரில் நிறுவனங்களிடம் கேட்டது. கேட்டதோடு சரி, குறைந்தபட்ச ரீசார்ஜ் நிலைத்துவிட்டது.

அந்த 35 ரூபாய் என்ன ஆனது என்று பாருங்கள். ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 2021 நவம்பரில் 99 ரூபாய். 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து விலை ஏற்றியபோது அது 199 ஆனது. 199-க்கு அளவில்லாமல் பேசலாம், கொஞ்சம் டேட்டாவும் உண்டு, 35-க்கு அதெல்லாம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அத்தைக்கு அளவில்லாமல் பேச யாரும் இல்லை. டேட்டா போடும் போனும் இல்லை. துபாயில் இருக்கிற மகன் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், பேங்க் மெசேஜ் வர வேண்டும், அவ்வளவுதான். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் ஆறில் ஒரு பங்கு, மணி அடிப்பதற்காக மட்டும் போகிறது.

28 நாள் கணக்கையும் சொல்ல வேண்டும். அம்மா தினசரி காலண்டரில் ரீசார்ஜ் தேதியை வட்டம் போட்டு வைப்பவர். ஜனவரி 14-இல் போட்டால் அடுத்தது பிப்ரவரி 11, பிறகு மார்ச் 11, ஏப்ரல் 8, மே 6, ஜூன் 3, ஜூலை 1. அந்த ஜூலையிலேயே 29-ஆம் தேதி மறுபடியும். பென்ஷன் மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, வாடகை மாதத்துக்கு ஒருமுறை. ரீசார்ஜ் மட்டும் வருடத்துக்கு 13 முறை. இதைப் பலர் எடுத்துச் சொல்லித்தான் 2022 ஜனவரியில் டிராய் ஓர் ஆணை போட்டது. 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் எல்லா நிறுவனமும் வைத்தே ஆக வேண்டும். இப்போதும் அந்தத் திட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ரீசார்ஜ் கடையில் போய் ‘மாசா மாசம் ஒரே தேதி வர்ற பேக்’ என்று கேட்டுப் பாருங்கள். நான் மூன்று கடைகளில் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே மூவருக்கும் தெரியவில்லை. அவர்கள் திரையில் முதலில் வந்து நிற்பது 28, 56, 84 நாள் திட்டங்கள்தான்.

இதே போல் இன்னொன்று. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் கொடுங்கள் என்று 2024 டிசம்பர் 23 அன்று டிராய் விதியைத் திருத்தியது. நாட்டில் ஏறத்தாழ 15 கோடிப் பேர் இன்னமும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஆணையின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. நல்ல ஆணை. நிறுவனங்கள் 2025 ஜனவரியில் திட்டம் கொண்டுவந்தன. ஜியோவில் 448 ரூபாய், ஏர்டெல்லில் 469 ரூபாய், இரண்டும் 84 நாளுக்கு. 28 நாளுக்கு என்று வகுத்தால் மலிவுதான். ஆனால் களை பறிக்கப் போகிறவர் 469 ரூபாயை ஒரே தடவையில் எப்படி எடுத்து வைப்பார்? பத்து ரூபாயாய்ப் போட்டுப் பழகியவர்களை நானூறு ரூபாய் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதை வாங்க முடியாதவர்தான் 28 நாளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார். கையில் காசு குறைவாக இருப்பவர் அதிக விலை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அத்தையின் பேரன் உதவியோடு அம்மாவின் போனிலிருந்தே 198-க்கு அழைத்தோம். காசில்லாமல் போகிற அழைப்பு அது. புகார் பதிவானது. நீளமாக ஓர் எண் சொன்னார்கள். பேரன் சொல்லச் சொல்ல அம்மா அதைக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார். 48 மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். மறுநாள் மாலையே மெசேஜ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. போன் அப்படியே செத்துக் கிடந்தது. மறுபடி புகார், மறுபடி புது எண், மறுபடி அதே மெசேஜ்.

இதை அனுபவிக்காத ப்ரீபெய்ட் வாடிக்கையாளர் குறைவு என்றே நினைக்கிறேன். பணம் போனதைவிட, கேட்காமலே மூடிவிடுகிற அந்த மெசேஜ்தான் வயிற்றை எரிக்கிறது. பிரச்சினை தீர்ந்ததா என்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூடினால் என்ன?

தோழியின் மகள் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். நிறுவனத்தின் நேரடி ஊழியர் அல்ல. ஒப்பந்தம் எடுத்த வேறொரு கம்பெனியின் ஆள். அவளிடம் கேட்டேன். “ஒரு காலை இத்தனை நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு கணக்கு இருக்கும் ஆன்ட்டி. தாண்டினா டீம் லீடர் பின்னாடி வந்து நிப்பாங்க. ரீசார்ஜ் ஏறலைன்னா நான் என் ஸ்கிரீன்ல பார்க்கத்தான் முடியும், ஏத்திவிட முடியாது. அதுக்கு வேற டீம். அவங்ககிட்ட நான் பேசவும் முடியாது, டிக்கெட் போடத்தான் முடியும். டிக்கெட்டை அவங்க மூடினா மூடினதுதான். அடுத்த தடவை அதே கஸ்டமர் கூப்பிட்டா வேற யாருக்கோ போகும். அவங்க திட்டறது எங்களைத்தான். ஒரு தாத்தா ஒருநாள் அழுதுட்டார். நான் மியூட் போட்டுட்டு அழுதேன்.”

அவள் சொன்ன பிறகு எனக்குப் புரிந்தது. நம்மிடம் பேசுகிறவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் நம்மிடம் பேசுவதில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாம் முட்டிக்கொள்கிறோம், அந்தப் பக்கம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்கள்.

விதி இல்லையா என்றால், இருக்கிறது. 2012 ஜனவரியில் டிராய் வெளியிட்ட குறைதீர்ப்பு ஒழுங்குமுறை இரண்டு படிகளை வைத்திருக்கிறது. முதல் படி, கட்டணமில்லாப் புகார் மையம். அழைத்ததும் மொழி, அடுத்தது புகாரின் வகை, அதற்கடுத்த படியிலேயே ஆளுடன் பேசும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் ‘டாக்கெட்’ எண் கொடுத்தே ஆக வேண்டும். எண் வாங்காத புகார் புகாரே அல்ல. இதை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 121 வேறு, 198 வேறு. 121 தகவலுக்கான எண். அதில் ஆளுடன் பேச மூன்று நிமிடத்துக்கு 50 காசு என்று சில நிறுவனங்கள் வாங்க ஆரம்பித்துப் பல வருடமாகிறது. புகாருக்கு 198.

இரண்டாவது படிதான் பலருக்கும் தெரியாதது. புகார் தீரவில்லை, அல்லது தீர்த்த விதம் சரியில்லை என்றால் அதே நிறுவனத்துக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நுகர்வோர் அமைப்பின் ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறோமா? ரீசார்ஜ் சலுகைக்கு ஒரு நாளைக்கு நான்கு மெசேஜ் அனுப்புகிறவர்கள், மூடிய புகாருக்குக் கீழே ‘திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

டிராயிடமே எழுதலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தனிப்பட்டவர் புகாரை விசாரிக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் டிராய்க்கு அதிகாரம் தரவில்லை. விதி போடுவது அதன் வேலை, நம் வழக்கைக் கேட்பது அல்ல.

கேட்காமலே ஒட்டிக்கொள்ளும் காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் சேவைகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 2013-இல் டிராய் இரண்டாவது முறை ஒப்புதல் வாங்காமல் எதையும் தொடங்கக் கூடாது என்றும், நிறுத்துவதற்கு 155223 என்று எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான ஓர் எண் வேண்டும் என்றும் கட்டளையிட்ட பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஒரு விதி ஒழுங்காக நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

2018 பிப்ரவரி

தமிழ்நாட்டில் ப்ரீபெய்ட் வாடிக்கையாளர் எவ்வளவு கதியற்றவர் என்பதை மொத்த மாநிலமும் ஒரே வாரத்தில் பார்த்தது 2018 பிப்ரவரியில். ஏர்செல், இந்த மண்ணில் பிறந்த நிறுவனம். சி.சிவசங்கரன் தொடங்கி, 1999-இல் சேவைக்கு வந்து, கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது. மலிவு, தமிழில் பேசும், டீக்கடையிலும் கிடைக்கும். பலருக்கு அதுதான் முதல் எண். ஆதார், வங்கி, கேஸ், பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றிலும் கொடுத்திருந்த எண்.

கடன் மூழ்கடித்தது. டவர் நிறுவனங்களுக்குப் பாக்கி. பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் டவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. காலையில் எழுந்தவர்கள் சிக்னல் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். கோவை, மதுரை, சென்னை என்று எல்லா ஊரிலும் அந்த நிறுவனத்தின் அலுவலகங்கள் முன்னால் வரிசை நின்றது. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், சிக்னலே இல்லாமல் எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும்? சிக்னல் கிடைக்கிற இடம் தேடி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தின் மீதும் மொட்டை மாடியிலும் நின்றவர்களை மறக்க முடியாது. மாத இறுதியில் நிறுவனம் திவால் மனுவோடு தீர்ப்பாயத்துக்குப் போனது. மாறுவதற்கான குறியீட்டு எண் ஏப்ரல் 15 வரை செல்லும் என்று டிராய் கால அவகாசம் வாங்கிக் கொடுத்தது.

மாறியவர்களின் எண் பிழைத்தது. பேலன்ஸ் கூடவே வரவில்லை. முந்தின வாரம் முந்நூறு ரூபாய்க்குப் பேக் போட்டவரும் இருந்தார், முப்பது ரூபாய் வைத்திருந்தவரும் இருந்தார். ஒவ்வொன்றும் சின்னத் தொகை. அதற்காக யாரும் வக்கீல் வைக்க மாட்டார்கள். கோடிக்கணக்கில் கடன் கொடுத்த வங்கிகளுக்குத் தீர்ப்பாயத்தில் நாற்காலி இருந்தது. முன்பணம் கொடுத்த நாமும் ஒருவகையில் கடன் கொடுத்தவர்கள்தான் என்ற எண்ணம் அங்கே எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

வழக்குப் போட எட்டு வருடம்

சிறிய தொகைக்கு நுகர்வோர் மன்றம் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கதவும் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. தொலைபேசித் தகராறுகளை 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவின்படி நடுவர் முன்புதான் கொண்டுபோக வேண்டும், நுகர்வோர் மன்றம் கேட்கக் கூடாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே பல மன்றங்கள் கைப்பேசிப் புகார்களைத் திருப்பி அனுப்பின.

அகமதாபாத்தைச் சேர்ந்த ஒருவர் விடவில்லை. அவர் ப்ரீபெய்ட் அல்ல, பில் கட்டுகிறவர். மாதம் சராசரி 555 ரூபாய் கட்டி வந்தவருக்கு 2013 நவம்பர்-டிசம்பரில் 24,609 ரூபாய் 51 காசுக்கு பில் வந்தது. 2014-இல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். இந்த வழக்கை மன்றம் கேட்கலாமா கூடாதா என்ற கேள்வியே படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16 அன்று நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. எந்த வாசலில் நின்று மனு கொடுப்பது என்று தெரிந்துகொள்ளவே எட்டு வருடம். ஆனால் அவருடைய பிடிவாதத்தால்தான் இன்று நம் வாசல் திறந்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே மனு எழுதலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பார்க்கலாம்.

நிறுவனத்தை மாற்றிவிடுங்கள், சிம்தானே என்று சொல்பவர்களும் உண்டு. எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. அது உண்மையிலேயே நமக்குக் கிடைத்த பெரிய பலம். ஆனால் அந்த வாசலிலும் பூட்டுப் போடப் பார்த்தார்கள். எஸ்.எம்.எஸ். வசதியே இல்லாத மலிவுத் திட்டங்களைக் கொண்டுவந்தபோது, அந்தத் திட்டத்தில் இருப்பவர் மாற நினைத்தால் 1900-க்குச் செய்தி அனுப்ப முடியாமல் போனது. எந்தத் திட்டமானாலும் அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை அனுமதித்தே ஆக வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் கட்டளையிட வேண்டியிருந்தது. மாறும்போது மிச்சப் பேலன்ஸ் போய்விடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாறுவதானால் பேக் முடிகிற நேரத்தில் மாறுங்கள்.

இன்னொரு விதியையும் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பயன்படுத்தாமல் கிடக்கும் ப்ரீபெய்ட் எண்ணை 90 நாளுக்கு முன் ரத்து செய்யக் கூடாது. அதன் பிறகும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணைக் காப்பாற்றி வைக்க வேண்டும். பேலன்ஸ் இல்லாமல் ரத்தானாலும் 15 நாள் சலுகை உண்டு. 2013 மார்ச் முதல் இருக்கும் விதி. இது தெரியாமல், மருத்துவமனையில் மூன்று மாதம் படுத்திருந்துவிட்டு வந்து எண்ணை இழந்தவர்கள் உண்டு. இழந்த எண் கொஞ்ச நாளில் வேறொருவர் கைக்குப் போகும். வங்கியின் ரகசிய எண் அவருக்குப் போகத் தொடங்கும்.

அப்பா வாங்கிய எண்

ஏழாவது நாள் நான் ஊருக்குப் போனேன். அம்மாவின் புகாரைத் தீர்த்து வைத்தது கஸ்டமர் கேர் அல்ல, அந்த ரீசார்ஜ் கடைத் தம்பி. “அக்கா, என் பக்கம் சக்சஸ்னுதான் காட்டுது, ஆனா அம்மா என் கடைக்குத்தானே வந்தாங்க” என்று சொல்லி, தன் டிஸ்ட்ரிபியூட்டரை நான்கு முறை கூப்பிட்டு, ரசீது எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, பணம் நடுவழியில் நின்றுபோயிருப்பதைக் கண்டுபிடித்து, அன்று மாலையே ஏற்றிவிட்டார். ஒரு ரீசார்ஜில் அவருக்குக் கிடைப்பது சில ரூபாய் கமிஷன். அவருக்கு இருந்த பொறுப்பு அத்தனை பெரிய நிறுவனத்தில் ஒருவருக்கும் இல்லாமல் போனது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மறுநாள் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் கடைக்குப் போனோம். சிம் அம்மா பேருக்கு மாறியது. புது எண் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். “அப்பா வாங்கின நம்பர்டி. அவர் கூப்பிட்டுக்கிட்டு இருந்த நம்பர்” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பேக் ஏறிவிட்டது. ஆனால் ஆறு நாள் போன் செத்துக் கிடந்ததற்கும், தீராத புகாரை இரண்டு முறை தீர்ந்ததாக மூடியதற்கும் யாரும் இதுவரை காரணம் சொல்லவில்லை. அந்த ஆறு நாளும் வேலிடிட்டியில் சேரவில்லை. எனவே அம்மா பேரிலேயே மேல்முறையீடு எழுதினோம். தமிழில்தான். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விறகு அடுப்பு, திரும்பிப் போன சிலிண்டர் எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

முடிவு வர 39 நாள் ஆகலாம் என்று சொன்னேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரை எடுத்தார். ஒவ்வொரு தாளாகத் தூக்கி விரல் விட்டு எண்ணினார். முப்பத்தொன்பதாவது தாளில், ரீசார்ஜுக்குப் போடும் வட்டத்தைவிடப் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதன் பக்கத்தில் இரண்டு டாக்கெட் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தார்.